ஒன்றரை விநாடி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வாத்தியார் சரியில்லை என்று யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். "மையத்துக்கு ஒரு நடை போய்ட்டு வந்துருங்களேன்" என்பார்கள். கேட்பவருக்கு முகம் சுண்டிவிடும். அன்று முழுக்க ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவரிடம் மிகவும் அன்பாகப் பேசுவார்கள்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, என்னிடம் எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். ஒருவர் தன் டிபன் பாக்ஸிலிருந்து இனிப்புக் கச்சாயம்கூட எடுத்துக் கொடுத்தார்.

நான் சென்னியப்பன். ஈரோட்டுப் பக்கம் நொய்யல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருடமாக வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். பையன்கள், பெண்கள் எல்லோரும் அதைத் 'தெர்மோ' என்பார்கள். தெர்மோவில் அரியர் வைக்காமல் வெளியே போனவனுக்குப் பெண் வீட்டில் தனி மரியாதை கிடைக்கும் என்று ஒரு கிண்டல் உண்டு. அந்தக் கிண்டலை நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் கஷ்டம், நான் கறார், பிள்ளைகள் சோம்பேறிகள். இந்த மூன்றில் என் கணக்கு முடிந்துவிடும்.

டீன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர்.

"மூணு வருஷமா உங்க பேப்பர்ல நூத்துக்கு முப்பத்தொரு பேருதான் பாஸுங்க சார். நாப்பதுக்குக் கீழ மூணு வருஷம் போனா விதி என்னன்னு உங்களுக்கே தெரியும். மையத்துக்குப் போய் அவங்க ரிப்போர்ட்டோட வாங்க. இல்லைன்னா பதிவு வகுப்புக்கு மாத்தறதைத் தவிர வேற வழியில்லீங்க."

பதிவு வகுப்பு என்றால் எங்கோ இருக்கும் பிரபலமான ஆசிரியர் ஒருவர் திரையில் வந்து பாடம் நடத்துவார். உள்ளூர் வாத்தியார் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பார். எங்கள் துறையிலேயே இரண்டு பேர் அப்படி ஆகிவிட்டார்கள். நல்ல சம்பளம், வேலை ஒன்றுமில்லை. அதில் ஒருவர் மின்விசிறி சத்தம் போட்டால் எழுந்து நிறுத்துவார். அவ்வளவுதான் அவர் அந்த வகுப்பில் செய்கிற காரியம்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. அந்த நான்கு வருடமும் கரும்பலகை முன்னால் நிற்கவேண்டும் என்று ஆசை. அடுத்த திங்கட்கிழமை நான் மையத்துக்குப் போனதற்குக் காரணம் அது ஒன்றுதான். திருந்தவேண்டும் என்ற எண்ணமெல்லாம் சத்தியமாக எனக்கு இல்லை.

கற்பித்தல் மேம்பாட்டு மையம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பழைய ஜெராக்ஸ் கடையைத் தடுத்துக் கட்டிய இரண்டு அறைகள். அதில் வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர், முனைவர் நஸ்ரின். பள்ளப்பட்டிக்காரர், இயற்பியல் படித்தவர், வயது முப்பத்தெட்டு இருக்கும். அவர் மேசை மேல் ஒரு ஹெல்மெட் போல இருந்ததுதான் அறிவு மறைப்பி. அரசாணையில் அந்தப் பெயர். ஸ்டாஃப் ரூமில் அதற்குக் 'குல்லா' என்று பெயர்.

"உக்காருங்க சார். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது நினைவிருக்குங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. முட்டி பேந்துபோச்சு."

"முட்டி பேந்தது நினைவிருக்கும். ஓட்டத் தெரியாம இருந்தா உடம்புக்கு எப்படி இருக்கும்னு இப்ப நினைச்சுப் பாக்க முடியுதுங்களா?"

முயன்று பார்த்தேன். முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், "இதுக்கும் தெர்மோவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியாதவங்க தவிப்பு மறந்துபோயிருதுங்க சார். நீங்க முப்பத்தோரு வருஷமா தெரிஞ்சவர். உங்க வகுப்பு ஒரு புதுப் பிள்ளை காதுல எப்படி விழுதுன்னு உங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்ல. அதுக்குத்தான் இந்தக் குல்லா." அவரே குல்லா என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க ஒரு கருத்தை நினைக்கறப்ப மூளையில எந்தெந்த இடம் வேலை செய்யுதுன்னு இது பாக்கும். அதை மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மரத்துப்போக வெக்கும். பல்லு புடுங்க ஊசி போடறாங்கல்ல, அது மாதிரி. ஆள் பேரு, வீட்டு விலாசம், மனப்பாடம் பண்ணுன வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஒரு விஷயத்தோட புரிதல் மட்டும் போயிரும். அப்ப உங்க வகுப்பை நீங்களே உக்காந்து கேக்கலாம்."

"திரும்பி வரலைன்னா?"

"எழுநூத்துச் சொச்சம் பேர் போட்டிருக்காங்க சார். எல்லாருக்கும் ரெண்டு மணி நேரத்துல வந்திருச்சு. ஒருத்தருக்கு வரலைன்னாலும் மெஷினை சீல் வெச்சுருவாங்க. நானும் பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அதைச் சொல்லும்போது அந்த ஹெல்மெட்டை இரண்டு கையாலும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

எந்தக் கருத்தை மறைக்கலாம் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "என்ட்ரோபி" என்றேன். தெர்மோவில் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக விழுகிற இடம் அது. அது என்னுடைய கோட்டை.

குல்லாவை மாட்டிவிட்டு, என்ட்ரோபியைப் பற்றி நினைக்கச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு வரையறையை ஆங்கிலத்தில் மனதுக்குள் முழுதாக ஓட்டினேன். ஒரு காற்புள்ளி பிசகவில்லை. பிறகு சூத்திரம். பிறகு நீராவி அட்டவணையில் அந்த எண்ணை எந்தப் பத்தியில் தேடவேண்டும் என்பது.

மற்றவர்களுக்கு மறைத்து முடிக்க இருபது நிமிடம் ஆகுமாம். எனக்கு ஒரு நிமிடத்துக்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. 'மறைக்கவேண்டியது இனி எதுவும் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. நஸ்ரின் மேடம் புருவத்தை உயர்த்தினார்.

"இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் முடிஞ்சதில்லீங்க சார். ரொம்ப ஒழுங்கா அடுக்கி வெச்ச மூளை போல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை ஸ்டாஃப் ரூமில் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனேன்.

அடுத்த அறையில் என் வகுப்பு இருந்தது. முந்தின வாரம் என் அனுமதியோடு பதிவு செய்தது. சுற்றிலும் பெஞ்சுகளும் அறுபது பிள்ளைகளும் நிஜ அளவில் ஒளியுருவமாகத் தெரிந்தார்கள். என்னைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார வைத்தார் மேடம். அது தன்ஷிகா உட்காரும் இடம். தெர்மோவை மூன்று முறை எழுதித் தோற்றுவிட்டு, நான்காவது முறைக்காக ஜூனியர்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டுப் பெண். பதிவிலிருந்து அவள் உருவத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருந்தார்.

நான் உள்ளே வந்தேன். அதாவது, அந்தச் சென்னியப்பன். சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்த வேகத்தில் பலகையில் தேதி போட்டார். பேச ஆரம்பித்தார்.

முதல் ஐந்து நிமிடம் நான் அவர் பேச்சை ரசித்தேன். குரல் நன்றாக இருந்தது. பத்தாவது நிமிடத்தில் அந்தக் குரல் எங்கோ தூரத்தில் போவது மாதிரி ஆகிவிட்டது. வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த வார்த்தை. அடுத்து என்ன வரும் என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் ஏன் வருகிறது என்று தெரியவில்லை. வெப்பத்தை எதற்கு வெப்பநிலையால் வகுக்கிறார்? வகுத்தால் வருவது என்ன? அது எங்கே இருக்கிறது, பானையிலா, பானைக்கு வெளியிலா? கேட்கலாம் என்றால் அவர் மூச்சு விடுகிற இடமே இல்லை. பயத்தில் நான் மடமடவென்று நோட்ஸ் எழுத ஆரம்பித்தேன். கை எழுதிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் அடங்கியது.

நடுவில் அவர் ஒரு ஜோக் சொன்னார். கொதிகலனையும் மாமியாரையும் வைத்து. அறுபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாது. என் பேராசிரியர் எனக்கு நடத்தும்போது இதே இடத்தில் சொன்ன ஜோக் அது. அப்போதும் நான் சிரித்திருக்கிறேன்.

பலகை நிறைந்தது. அவர் திரும்பி, "புரியுதா?" என்றார்.

அறுபது பேரும் ஒரே குரலில், "எஸ் சார்" என்றார்கள்.

அறுபத்தோராவதாக ஒரு குரல் கேட்டது. சற்றுப் பிந்தி, கொஞ்சம் தடித்து. அது என்னுடையது. என் வாய் என்னைக் கேட்காமலே எஸ் சார் சொல்லியிருந்தது.

ஐம்பத்தாறு வயதில் நான் அவ்வளவு கூனிக்குறுகி உட்கார்ந்ததில்லை. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை, ஆனால் புரிந்தது என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் பயந்து இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள், நான் மட்டும் எப்படி என்றுதான்.

வெளியே வந்ததும் மேடம் தண்ணீர் கொடுத்தார்.  பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் அளந்து வெச்சிருக்கேன் சார். நீங்க 'புரியுதா'ன்னு கேட்டதுக்கும் பலகைப் பக்கம் திரும்புனதுக்கும் நடுவுல ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியில ஒருத்தி கை தூக்க நினைச்சா, தூக்கறதுக்குள்ள உங்க முதுகுதான் தெரியும்."

இரண்டு மணி நேரம் கழிந்தது. குல்லாவின் வேலை முடிந்திருக்கவேண்டும். திரும்பியதா என்று பார்க்க ஒரு கேள்வி கேட்டார். "டம்ளர்ல டீ வெக்கறோம். ஆறிப்போகுது. ஆறுன டீ ஏன் தானா மறுபடி சூடாகறதில்ல? சூத்திரம் வேண்டாம். உங்க வார்த்தையில சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ஆங்கில வரையறை வந்தது. மறுபடி திறந்தேன். சூத்திரம் வந்தது. மூன்றாம் முறை திறந்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்லீங்க சார். சிலருக்கு லேட்டாகும்" என்றார் மேடம். அவர் முகம் வெளுத்திருந்தது.

செவ்வாயும் வரவில்லை. புதனும் வரவில்லை. வீட்டில் டீயைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்றது. புதன் மாலை மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முப்பத்தோரு வருடப் படிப்பை ஒரு ஹெல்மெட் தின்றுவிட்டது என்றேன். எழுதிக் கொடுக்கப்போகிறேன், மையத்தை மூட வைக்காமல் விடமாட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். மெஷினுக்குள்ள அன்னிக்குப் பதிவானது எல்லாம் இருக்கு. ஒவ்வொரு வரியாப் படிக்கணும். படிச்சுட்டு, தப்பு என் பக்கம்னா நானே டீன்கிட்ட எழுதிக் குடுத்துருவேன்."

மறுநாள் வியாழக்கிழமை. இரண்டாவது பீரியட் தெர்மோ. பாடம், என்ட்ரோபியின் தொடர்ச்சி.

லீவு போட்டிருக்கலாம். போட்டால் பதிவு வகுப்பை ஓட்டிவிடுவார்கள், ஒருமுறை ஓட்டினால் நிறுத்த மாட்டார்கள். அதனால் போனேன். நோட்ஸ் கையில் இருந்தது. வார்த்தை எதுவும் மறக்கவில்லை. ஒப்பித்துவிட்டு வந்தால் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. பதினைந்து நிமிடம் அப்படித்தான் ஓட்டினேன். பழக்கதோஷத்தில் திரும்பி, "புரியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"எஸ் சார்."

கை பலகைப் பக்கம் போனது. ஆனால் கால் திரும்ப மறுத்தது. அந்த எஸ் சாருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அப்படியே நின்றேன். நோட்ஸை மேசை மேல் வைத்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி பெஞ்சில், ஜன்னலோரத்தில், ஒரு கை பாதி எழுந்து நின்றது.

"சொல்லு கண்ணு" என்றேன்.

தன்ஷிகா எழுந்தாள். "எனக்குப் புரியலீங்க சார். நாலு தடவை கேட்டுட்டேன். நாலு தடவையும் புரியல."

"எனக்கும் புரியல" என்றேன்.

வகுப்பே சிரித்தது. முப்பத்தோரு வருடத்தில் அந்த மாமியார் ஜோக்குக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் மெல்ல அடங்கினார்கள்.

"நெசமாத்தான் சொல்றேன். டீ ஆறுது. ஆறுன டீ தானா ஏன் சூடாகறதில்ல? சூத்திரம் எழுதாம யாராச்சும் சொல்லுங்க. இன்னிக்கு நான் கேக்கறேன்."

முன்வரிசைப் பையன் ஒருவன் வரையறையை ஒப்பித்தான். "அது எனக்கும் தெரியும் தம்பி" என்றேன். இன்னொருத்தி சூடு காற்றுக்குப் போய்விடுகிறது என்றாள். "செரி, போன சூடு ஏன் திரும்பி வர மாட்டேங்குது? வழி தெரியாதா அதுக்கு?" என்றேன். இப்படிப் பத்து நிமிடம் முட்டினோம். வகுப்பில் இவ்வளவு சத்தம் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

தன்ஷிகா நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வது போல ஆரம்பித்தாள்.

"சார், பரீட்சை ஹால்ல ரோல் நம்பர் வரிசையில உக்காந்திருக்கோம். பெல் அடிச்சதும் எல்லாரும் கேன்டீனுக்கு ஓடறோம். கேன்டீன்ல அவங்கவங்க கெடைச்ச இடத்துல உக்காருவோம். அங்க தற்செயலா எல்லாரும் ரோல் நம்பர் வரிசையில உக்காந்துட்டோம்னு நடக்குமா?"

"நடக்காது."

"ஏன் நடக்காது? யாராச்சும் வேண்டாம்னு தடுத்தாங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள். 

"யாரும் தடுக்கலீங்க சார். வரிசையா உக்கார ஒரே ஒரு வழிதான் இருக்கு. கலைஞ்சு உக்கார எண்ண முடியாத அளவு வழி இருக்கு. அதனால கலைஞ்சுதான் உக்காருவோம். டீயில இருக்கற சூடும் அப்படித்தானுங்களே? டம்ளருக்குள்ள மட்டும் சேர்ந்து இருக்கறதுக்குக் கொஞ்சம் வழிதான். ரூம் பூரா பரவி இருக்கறதுக்கு நெறைய வழி. அது திரும்பி வரக்கூடாதுன்னு சட்டம் இல்ல. திரும்பி வர்ற வழி ரொம்பக் கம்மி, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப, என்ட்ரோபிங்கறது எத்தனை வழி இருக்குங்கற கணக்குங்களா சார்?"

 பலகையில் முப்பத்தோரு வருடமாக எழுதிவந்த சூத்திரத்தைப் பார்த்தேன். அது முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தது. கண் கலங்கிவிட்டது. சாக்பீஸ் தூசு என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

பீரியட் முடிந்ததும் நடந்தேனா, ஓடினேனா என்று தெரியாது. மையத்துக்குள் நுழையும்போதே, "வந்துருச்சுங்க மேடம். திரும்பி வந்துருச்சு. உங்களைக் கண்டபடி பேசிட்டேன். மன்னிச்சுருங்க" என்றேன். கேன்டீன் கதை முழுவதையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

நஸ்ரின் மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் காகிதக் கட்டு ஒன்று இருந்தது. நான் முடித்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"ரொம்ப சந்தோஷங்க சார்" என்றார். ஆனால் காகிதக் கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னங்க மேடம்? மெஷின்ல தப்பா?"

"மெஷின்ல தப்பு இல்லீங்க."

"அப்புறம் ஏன் எனக்கு மட்டும் மூணு நாளு?"

அவர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எனக்கு அந்த எண்கள் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வரியில் விரல் வைத்தார்.

"அன்னிக்கு மெஷின் எதையும் மறைக்கல சார். நீங்க நினைச்சப்ப அது தேடிப் பாத்திருக்கு. வார்த்தை இருந்த இடம் மட்டும் வெளிச்சமா இருந்திருக்கு. வார்த்தையை அது தொடாது. புரிதலைத் தேடியிருக்கு..." நிறுத்தினார். "அதனாலதான் ஒரு நிமிஷத்துல பச்சை விளக்கு வந்திருக்கு. நான் அதைத் தப்பாப் படிச்சுட்டேன். இது மாதிரி நான் பாத்ததே இல்லீங்க."



அப்படியானால் அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது குல்லா போட்ட சென்னியப்பன் இல்லை. வெறும் சென்னியப்பன். ஒன்றும் திரும்பி வரவும் இல்லை. இன்று காலைதான் முதல் முறையாக வந்திருக்கிறது.

இருபது வயதில் என் பேராசிரியர் 'புரியுதா' என்று கேட்டார். நான் எஸ் சார் என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை மனப்பாடம் செய்து முதல் வகுப்பில் தேறினேன். அதே நோட்ஸை முப்பத்தோரு வருடம் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். தெரியாது என்பது எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் இப்போது சந்தேகம்தான்.

"சார், ரிப்போர்ட்ல நான் மெஷின் கோளாறுன்னு எழுதிடறேன்" என்றார் மேடம். "உங்க வகுப்பு உங்ககிட்டயே இருக்கும். இந்தக் காகிதம் இந்த ரூமை விட்டு வெளிய போகாது."

"கோளாறுன்னு எழுதுனா உங்க மையம்?"

"கொஞ்ச நாளைக்குச் சீல் வெப்பாங்க. விசாரிப்பாங்க. பாத்துக்கலாம்."

முந்தின நாள் மாலை அதே அறையில் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. அப்படிப் பேசிய ஒருவனுக்காக இந்தப் பெண் தன் வேலையை விடத் தயாராக இருந்தார். என் பெற்றோருக்குப் பிறகு யாரும் எனக்காக அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. நன்றி என்று சொல்ல வந்து, அது போதாது என்று விட்டுவிட்டேன்.

பிறகு சொன்னேன். "இருக்கறதை அப்படியே எழுதுங்க மேடம். நானே எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன்."

டீன் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் கோளாறுன்னு போட்டுருந்தா முடிஞ்சிருக்குமே சார்" என்றார்.

"முடிஞ்சிருக்கும்ங்க. பிள்ளைங்களுக்கு மறுபடியும் அந்த நோட்ஸ்தான் கெடைச்சிருக்கும்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு செமஸ்டர் நீங்களே எடுங்க. ரிசல்டைப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார். நான் எழுந்து கதவுவரை போனதும் கூப்பிட்டார். தாழ்ந்த குரலில், "நான் பதினேழு வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துனேன். அந்த மையம் மத்தியானத்துல காலியா இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

இதை எழுதும்போது ரிசல்ட் வந்துவிட்டது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனால் வகுப்பு என்னிடமே இருக்கிறது. தன்ஷிகா தேறிவிட்டாள். விடைத்தாளில் கேன்டீனைப் பற்றி எழுதினாளாம். ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்து, "தேங்க்ஸ் சார்" என்றாள். "நாந்தான் உனக்குச் சொல்லணும் கண்ணு" என்றேன். அவள் அதை மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் ஒரு நாள் உண்மையைச் சொல்லவேண்டும்.

மையத்துக்கு வந்துபோனவர்கள் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்தில் முடியவில்லை. மன்னிக்கவும். ஆனால் நன்றி சொல்ல நான் எடுத்துவைத்திருக்கும் இடம் இன்னும் வரவில்லை.

டீன் அறையிலிருந்து வந்த மறுநாள் அது. மீதி நான்கு யூனிட்டையும் நினைத்தால் எனக்குக் கலக்கமாக இருந்தது. அவற்றில் எது புரிந்தது, எது மனப்பாடம் என்று எனக்கே தெரியாது. நஸ்ரின் மேடத்திடம் போய் நின்றேன். அவர் குல்லாவைத் தொடவில்லை. வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு, என்னை எதிரில் உட்கார வைத்து, அடுத்த யூனிட்டின் முதல் கருத்திலிருந்து ஆரம்பித்தார். இருபது நிமிடம் பேசினார். தெளிவாகத்தான் பேசினார். எனக்குத்தான் பாதி வழியில் நூல் அறுந்துவிட்டது. கையில் பேனா இருந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

மேடம் பலகைப் பேனாவை மூடிவிட்டுத் திரும்பி, "புரியுதுங்களா சார்?" என்று கேட்டார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்தாறு வருடப் பழக்கம் அது. எஸ் என்பதற்கு உதடுகூடப் பிரிந்துவிட்டது.

அவர் பலகைப் பக்கம் திரும்பவில்லை. ஒன்றரை விநாடி போனது. அவர் என்னையே பார்த்தபடி நின்றார். இன்னும் ஒன்றரை விநாடி போனது. அவசரம் எதுவும் இல்லாதவர் போல, கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க மேடம்" என்றேன். "புரியல. இன்னொருக்கா சொல்லுங்க."